தெரிந்தே விதி மீறிப் படம் எடுத்தல்: யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படம் எடுக்கப் பழகிச் சில மாதங்கள் போனதும், படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற விதிகள் பலருக்கு அலுத்துவிடும். கமராவைச் சரித்து, ஆளின் தலையை வெட்டி, பாதி மங்கலாக ஒன்றை எடுத்துவிட்டு, "இது வேணுமெண்டுதான் இப்பிடி எடுத்தனான்" என்பார்கள். படம் அப்படிச் சொல்லாது. பார்க்கிறவருக்கு அது கை தவறி எடுத்த படமாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வேண்டுமென்று செய்தது என்பது படத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கீழே உள்ள முதல் ஆறு படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஏழாம் படிக்குப் பாய்கிறார்கள், அங்கேதான் பிழை வருகிறது.

1. புறப்பட முன் செய்ய வேண்டியவை

கமரா எதுவானாலும் சரி, போனே போதும். முதலில் கிரிட் கோடுகளையும் (திரையை மூன்று மூன்று பங்காகப் பிரித்துக் காட்டுபவை) மட்டம் காட்டும் கோட்டையும் ஒன் பண்ணுங்கள். விதியை மீறப் போகிறவனுக்கு இது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எவ்வளவு மீறுகிறோம் என்று தெரியாமல் மீறக்கூடாது, அதற்காகத்தான்.

சென்சரின் (வெளிச்சத்தைப் பதியும் தகட்டின்) முழுப் பரப்பும் பதிவாகும்படி படத்தின் அகல, உயர விகிதத்தை வையுங்கள். பெரும்பாலான போன்களில் அது 4:3. 16:9 என்று வைத்தால் அதே படத்தின் மேலும் கீழும் வெட்டித்தான் தரும். ஓரங்களில் என்ன இருக்கிறது என்பதே இந்த வேலையில் பாதி என்பதால், போன் நமக்காக வெட்டக்கூடாது.

போட்ரெய்ட் மோடையும் காட்சியைத் தானாக அடையாளம் காணும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். நீங்கள் கறுப்பாக விட நினைக்கும் இடத்தைப் போன் வெளிச்சமாக்கிவிடும். ரோ கோப்பாக (போன் திருத்தாத மூலப் படமாக) சேமிக்க வசதி இருந்தால் சேமியுங்கள், பிறகு வெளிச்சத்தைத் திருத்த இடம் கிடைக்கும்.

லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணி கட்டாயம். பண்ணை, குறிகட்டுவான் பக்கம் காற்றில் உப்பு. கண்ணாடியில் அது படிந்திருந்தால், வெயிலுக்கு எதிரே எடுக்கும் படம் முழுக்க வெளிறும். வெளிறிய படத்தில் எந்த மீறலும் எடுபடாது.

இன்னொரு தேவை உங்களிடமே இருக்க வேண்டும். விதிப்படி எடுத்தால் அடிவானம் மட்டமாக, ஆள் சரியான இடத்தில், தலைக்கு மேல் அளவான இடத்தோடு உங்களுக்குப் படம் வருகிறதா? இன்னும் வரவில்லை என்றால் இந்த வழிகாட்டியைக் கொஞ்சக் காலம் தள்ளிவையுங்கள். மட்டமாகப் பிடிக்கத் தெரியாத கை சரித்துப் பிடித்தாலும் ஒரே மாதிரித்தான் பிடிக்கும்.

2. இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

பழகத் தொடங்குவதற்குப் பண்ணைப் பாலத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், நேரான அடிவானம், மீன்பிடிக்காக நட்ட தடிகள், இடையிடையே ஒரு சைக்கிள். பொருட்கள் குறைவாக இருப்பதால், நீங்கள் ஒன்றை மாற்றினால் படத்தில் என்ன மாறுகிறது என்பது உடனே தெரியும்.

வெள்ளனப் போங்கள். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 5:45க்கும் 6:35க்கும் இடையில்தான் எழும்புகிறது. அதற்குக் கால் மணி நேரம் முன்பே நின்றால் நல்லது. பலர் எடுத்த எடுப்பில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் நிற்கிறார்கள். சந்தைக்கும் வருவோம், ஆனால் கடைசியில்.

3. மீறப் போகும் விதி என்ன வேலை செய்கிறது என்று சொல்லிப் பாருங்கள்

எடுக்க முன்னர் இரண்டு கேள்வி: எந்த விதியை மீறப் போகிறேன்? அந்த விதி படத்துக்கு என்ன தந்துகொண்டிருந்தது? இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால், மீறினால் என்ன வரும் என்பதும் கிடைத்துவிடும்.

மட்டமான அடிவானம் பார்க்கிறவரின் காலுக்குக் கீழே தரையைத் தருகிறது. அதைச் சரித்தால் தரை போய்விடும்; பதற்றமோ வேகமோ வரும். ஆள் பார்க்கும் பக்கம் விடும் இடம், அதாவது முன்வெளி, அவருக்குப் போக வழி தருகிறது. அந்த வழியை அடைத்தால் முட்டிக்கொண்டு நிற்கும் உணர்வு, அல்லது விட்டுப் போகிற உணர்வு. ஆளை நடுவில் வைக்காமல் கிரிட் கோடு ஒன்றில் வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதி கண்ணைப் படத்துக்குள் நடக்கவைக்கிறது. நடுவில் வைத்தால் கண் நடக்காது, அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே நிற்கவைக்க ஒரு காரணம் இருந்தால் மட்டும் நடுவில் வையுங்கள். "வித்தியாசமாக இருக்கட்டும்" என்பதைக் காரணமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்பதால் எந்தப் படத்துக்கும் பொருந்தாது.

போனில் ஒரு குறிப்பாக ஒரு வரி எழுதிக்கொள்வது உதவும்: "அடிவானம் – காற்றுக்காக", "முன்வெளி – புறப்படுகிறார்." எழுத வரவில்லை என்றால் விதிப்படி எடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

4. விதிப்படி ஒரு படத்தை முதலில் எடுங்கள்

இதைச் சோம்பலில் தவிர்க்காதவர் குறைவு. ஆனால் இது இல்லாமல் மீறிய படம் மேலானதா என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது, ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இன்னொரு பயனும் உண்டு. ஒழுங்காக ஒரு படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்கும் மின்கம்பம், பின்னால் தலைக்குள் முளைக்கும் பனை, தண்ணீரில் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் கண் ஒருமுறை கணக்கெடுத்துவிடும். மீறும்போது அந்தக் கணக்கு கையில் இருக்கும்.

சில வேளை ஒழுங்கான படமே நன்றாக இருக்கும். அப்போது வேலை முடிந்துவிட்டது.

5. ஒரு படத்தில் ஒரே ஒரு விதி

ஒன்றை மீறும்போது மற்ற எல்லாவற்றையும் வழக்கத்தை விடக் கடுமையாகக் காப்பாற்றுங்கள். அடிவானத்தைச் சரித்தால் போக்கஸ் கூர்மையாக இருக்கட்டும், வெளிச்சம் சரியாக இருக்கட்டும். தலையை வெட்டினால் அடிவானம் மயிரிழை பிசகாமல் நிற்கட்டும்.

காரணம் எளிது. பார்க்கிறவர் படத்தில் ஒரு கோணல் கண்டதும், இது தவறா, வேண்டுமென்றா என்று மற்ற இடங்களில் சாட்சி தேடுவார். மற்றது எல்லாம் ஒழுங்காக இருந்தால் "இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்" என்று தீர்மானிப்பார். சரிவு, மங்கல், வெட்டு மூன்றும் ஒன்றாக இருந்தால், யாரோ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டு எடுத்தது என்று தாண்டிப் போய்விடுவார்.

அந்தச் சாட்சிக்காக ஓரங்களைச் சுற்றி வாருங்கள். பட்டனை அமத்த முன்னர் பிரேமின் நான்கு விளிம்பிலும் கண்ணை ஓட்டுங்கள்: பாதி நாய், பொலித்தீன் பையின் நுனி, யாரோ ஒருவரின் முழங்கை. ஒழுங்கான படத்தில் மன்னித்துவிடக்கூடிய இந்தச் சில்லறைகள், மீறிய படத்தில் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஓரடி நகர்ந்தால் பெரும்பாலும் போய்விடும்.

6. அரைகுறையாக மீறாதீர்கள்

புதியவர்களின் படங்களில் நான் அதிகமாகக் காணும் குறை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

அடிவானம் 2, 3 பாகை சரிந்தால் அது பிழை. கடல் ஒரு பக்கம் வடிந்து போவது மாதிரி இருக்கும், பார்ப்பவருக்குக் கை துறுதுறுக்கும். 7, 8 பாகை ரெண்டுங்கெட்டான். 15 பாகைக்கு மேல் போனால்தான் "சரித்திருக்கிறார்" என்று தெரியும். 45ஐத் தாண்டினால் மேல் எது கீழ் எது என்று குழம்பி, வேறு வகைப் படமாகிவிடும்.

நடுவில் வைப்பதென்றால் நட்ட நடுவில். கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நின்றால், மூன்றிலொரு பங்குக்குப் போக நினைத்துப் பாதி வழியில் களைத்துவிட்டார் என்று தோன்றும்.

தலையை வெட்டுவதென்றால் நெற்றியில் நன்றாக உள்ளே வந்து வெட்டுங்கள், அல்லது கழுத்தோடு முழுத் தலையையும் பிரேமுக்கு வெளியே விட்டுவிடுங்கள். உச்சிமயிரில் கொஞ்சம் மட்டும் போயிருந்தால் அது கவனக்குறைவு.

வெறுமையும் அப்படியே. நெடுந்தீவின் வறண்ட வெளியில் ஒரு குதிரை நிற்கிறது என்று வையுங்கள். அது பிரேமின் நாலில் ஒரு பங்கைப் பிடித்தால், "கிட்டப் போகப் பயந்திருக்கிறார்" என்பார்கள். அதையே பின்னால் நடந்து, வானமும் தரையுமாகப் பத்தில் ஒன்பது பங்கை வெறுமையாக விட்டு, குதிரையை விரல் நகம் அளவுக்கு வையுங்கள். இப்போது அந்த வெளிதான் படம். தீவின் கல்வேலி ஒன்று ஓரத்தில் நுழைந்தால் அது குலைந்துவிடும், அதையும் வெளியே தள்ளுங்கள்.

மங்கலுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் கணக்கு: நடக்கிற ஆளை 1/60 செக்கனில் எடுத்தால் லேசாக மங்கும், போக்கஸ் பிழைத்த மாதிரி. 1/8 செக்கனில் எடுத்தால் ஆள் கோடாக இழுபடுவார், அசைவு தெரியும்.

ஒரு பயிற்சி. ஒரே காட்சியை மூன்று அளவில் எடுங்கள்: உங்களுக்குப் போதும் என்று படும் அளவு, அதன் இரண்டு மடங்கு, "இது கொஞ்சம் ஓவர்" என்று தோன்றும் அளவு. வீட்டில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் நிற்கும். வெளியில் நிற்கும்போது நம் கை எப்போதும் கூச்சப்படும்.

7. முதல் மீறல்: நடுவில் வையுங்கள்

எளிதானதில் தொடங்குவோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முகப்பு இதற்கென்றே கட்டிய மாதிரி. வெள்ளைக் கட்டடம், இரண்டு பக்கமும் ஒத்த அமைப்பு, முன்னால் சரஸ்வதி சிலை. சிலையும் பின்னாலுள்ள நடுக் குவிமாடமும் ஒரே கோட்டில் வரும்வரை இடமும் வலமுமாக நகருங்கள்.

அரையடி பிசகினாலும் சமச்சீர் கெடும். அதைக் கண்ணால் மட்டும் நம்பாமல், கிரிட்டின் இரண்டு நிமிர்ந்த கோடுகளிலிருந்தும் கட்டடத்தின் இரண்டு மூலைகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

போனை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் சுவர்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சரியும். பின்னால் போய், போனை நிமிர்த்திப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். சதுரமாக வெட்டினால் நடுவில் வைத்தது இன்னும் உறுதியாகும்.

வெள்ளைக் கட்டடத்தைப் போன் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டுங்கள்.

8. அடிவானத்தைச் சரியுங்கள்

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்கள் இதற்கு ஏற்றவை. காற்றுக்குச் சைக்கிள்காரர் குனிந்து மிதிப்பார், சேலைத் தலைப்பு கிடையாகப் பறக்கும், வெளியில் தனியாக நிற்கும் மரங்கள் ஒரு பக்கம் வளைந்திருக்கும். சரிவுக்கு வேண்டிய காரணத்தைக் காற்றே தந்துவிடுகிறது.

எந்தப் பக்கம் சரிப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மரம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் கமராவை இடப்பக்கம் சரியுங்கள், படத்தில் மரத்தின் சாய்வு கூடும். கமராவையும் வலப்பக்கமே சரித்தால் மரம் நிமிர்ந்து நின்றுவிடும், கடல்தான் சரியும். இரண்டுமே படம்தான். முதலாவது காற்றின் பலத்தைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டாவதில் மரம் அசையாமல் நிற்க, உலகம் புரள்கிறது. எனக்கு இரண்டாவது பிடிக்கும், ஏனென்றால் பார்ப்பவர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எப்படிச் சரித்தாலும் பிரேமின் ஒரு விளிம்புக்கு இணையாக ஏதாவது ஒரு பொருளை வையுங்கள்: சாய்ந்த கம்பம், காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் ஆள், தோணியின் சரிந்த பாய்மரம். கண்ணுக்குப் பிடிக்க ஒரு கொம்பு வேண்டும். அது இல்லாவிட்டால் படம் கையிலிருந்து விழுவது போல இருக்கும், அவ்வளவுதான்.

சரிப்பதை இடத்திலேயே செய்யுங்கள், வீட்டில் எடிட் பண்ணும்போது அல்ல. 4:3 படம் ஒன்றை 15 பாகை திருப்பி, அதே விகிதத்தில் வெட்டினால் படத்தின் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். நீங்கள் கவனமாக ஒழுங்குபடுத்திய ஓரங்கள்தான் முதலில் போகும். மாறாக, சில போன்களில் எடிட் திறந்து கிரொப்பை அமத்தியதும் அது தானாகவே சரிவை நிமிர்த்தப் பார்க்கும், அதையும் கவனியுங்கள்.

சரிக்காமல், அடிவானத்தை விளிம்புக்கே தள்ளுவதும் ஒரு மீறல். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் திரண்டு வரும்போது பண்ணையில் நின்று, தண்ணீரைப் பிரேமின் அடியில் ஒரு கீற்றாக மட்டும் விடுங்கள். இதற்குக் கோடு துல்லிய மட்டமாக இருக்க வேண்டும், விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பாகை பிசகினாலும் பளிச்சென்று தெரியும்.

9. முன்வெளியை அடையுங்கள்

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போங்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுகிறவர்கள், வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பையோடு நடக்கும் ஒருவரைப் பிரேமின் விளிம்பில், வெளியே போகிற பக்கம் முகம் இருக்க வைத்து எடுங்கள். பின்னால் முழு இறங்குதுறையும் வெறுமையாகக் கிடக்கட்டும்.

விதிப்படி எடுத்த படம் அவர் எங்கோ போகிறார் என்று சொல்லும். இது அவர் எதை விட்டுப் போகிறார் என்று சொல்லும்.

பின்வெளியில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கட்டிவைத்த கயிறு, ஈரமான சீமெந்துத் தரை, திரும்பி நடக்கும் இன்னொருவர். வெறும் சுவராக இருந்தால், ஆளைப் பின்தொடரப் பிந்திப்போன படமாகத் தெரியும். மூக்கு நுனி விளிம்பில் முட்டவும் கூடாது. ஒன்றில் கொஞ்ச இடம் விடுங்கள், அல்லது முகத்தின் பாதியையே வெளியே போக விடுங்கள்.

10. ஆளை வெட்டுங்கள்

மூட்டில் வெட்டக்கூடாது, தலையை வெட்டக்கூடாது என்பவை ஆள் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்கான விதிகள். வேலை தெரிய வேண்டும் என்றால் ஆள் தேவையில்லை. குருநகரில் வலை பொத்துகிறவரின் இரண்டு கையும், மடியில் குவிந்த வலையும், கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்த கண்ணியும் போதும். முகம் உள்ளே வந்தால் கண் அங்கேதான் போகும், விரல்களைப் பார்க்காது.

கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணை, முகம் வேண்டாம், கை வேலை செய்யிறதை மட்டும் எடுக்கட்டே?" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முகம் வராது என்று தெரிந்ததும் கையும் இயல்பாக வேலைக்குத் திரும்பிவிடும். எடுத்ததை அவருக்குக் காட்டுங்கள்.

11. நெரிசலை அப்படியே எடுங்கள்

இனித்தான் சந்தை. பின்னணி எளிமையாக இருக்க வேண்டும் என்ற விதியை மீறுவது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் குப்பைக்கும் செழிப்புக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது.

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய், முருங்கைக்காய், பயற்றங்காய், தராசு, சாக்கு, கைகள். எல்லாவற்றையும் எடுக்கலாம், ஆனால் அதைக் கட்டிப்பிடிக்க ஒன்று வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவமோ நிறமோ அந்த வேலையைச் செய்யும். வாழைக்குலைகள் வரிசையாகத் தொங்கும் இடத்தில் அந்த மஞ்சள் படம் முழுக்க ஓடினால், மற்ற எவ்வளவு நெரிசலையும் அது தாங்கும்.

விளிம்பிலிருந்து விளிம்புவரை நிரப்புங்கள். ஒரு மூலையில் வெறும் வானமோ சுவரோ தெரிந்தால் கண் அந்த ஓட்டையால் வெளியே போய்விடும். கமராவில் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்து, முன்னும் பின்னும் கூர்மையாக எடுங்கள். பின்னணியை மங்கவிட்டால் நெரிசல் போய்விடும், மீறலும் அரைகுறையாகும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு மேலே நீலத் தறப்பாள் கட்டியிருந்தால், வெயில் அதனூடாக வந்து எல்லாவற்றிலும் நீலம் பூசும். தக்காளி ஊதாவாகும், வியாபாரம் செய்யும் ஆச்சியின் முகம் நோயாளி முகமாகும். போன் தானாகச் சரிசெய்யப் பார்த்து ஒரு படத்துக்கு ஒரு நிறம் தரும். வைட் பலன்ஸை (நிறச் சமநிலையை) கையால் ஒரு இடத்தில் நிறுத்துங்கள், அல்லது தறப்பாளின் ஓரத்துக்கு வந்து திறந்த நிழலில் எடுங்கள்.

12. வெளிச்சமும் அசைவும்

நண்பகலில் படம் எடுக்காதே என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் மாத இறுதி வாக்கிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். இரண்டாவது காலம் பல ஆண்டுகளில் நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்து வருகிறது. அப்போது நிழல் காலுக்குக் கீழே ஒரு வட்டமாகச் சுருங்கிவிடும், குடைக்குக் கீழே முகம் கறுப்பாகும். அந்தக் கறுப்பைத் திருத்தாமல் எக்ஸ்போஷரை இரண்டு படி குறைத்து, வெளிச்சம் பட்ட தோளையும் குடையையும் மட்டும் எடுங்கள்.

மெதுவான ஷட்டரை மட்டும் நண்பகலில் முயலாதீர்கள். முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் 16 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 செக்கன். போனின் லென்ஸ் எஃப் 1.8 என்று நிலையாக இருந்தால் அதே வெயிலுக்கு 1/8000 வேண்டும். அதில் 1/15 வைத்தால் படம் வெள்ளைத் தாள். வெளிச்சத்தை ஒன்பது படி குறைக்கும் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) இல்லாவிட்டால் பொழுதுபடும்வரை காத்திருங்கள்.

பின்னேரம் கஸ்தூரியார் வீதியில் நின்று, சைக்கிளில் போகிறவரோடு சேர்த்துக் கமராவையும் திருப்பிக்கொண்டே 1/15க்கும் 1/30க்கும் இடையில் எடுங்கள். கையை மட்டும் திருப்பாமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள், பட்டனை அமத்திய பிறகும் நிறுத்தாதீர்கள். பத்தில் ஒன்று சரியாக வந்தாலே நல்லது. படத்தில் ஒரு இடமாவது கூர்மையாக இருக்க வேண்டும்: முகம், கைப்பிடி, பின்னால் இருக்கும் பிள்ளையின் புத்தகப்பை.

13. எங்கே மீறக்கூடாது

காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் சாமத்தியவீடு, கல்யாணப் படங்களில் முதலில் முழு அல்பத்தையும் விதிப்படி முடியுங்கள். மாமிமாருக்குத் தங்கள் சேலைக் கரை முழுக்கத் தெரிய வேண்டும், அது நியாயமானது. மிஞ்சும் நேரத்தில் உங்கள் விளையாட்டு.

இனிச் சொல்லும் விதிகள் படச்சட்டகத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல, அவற்றில் கைவைக்க வேண்டாம். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்கக்கூடாது. படைமுகாம், விமான நிலையம் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். செத்தவீட்டில் சரித்து எடுக்க ஒருபோதும் காரணம் கிடைக்காது.

14. வீட்டுக்கு வந்து தேர்ந்தெடுத்தல்

விதிப்படி எடுத்ததையும் மீறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் சிறியதாக, கலரியில் தெரியும் அளவிலேயே பாருங்கள். அந்த அளவில் மீறல் தெரியாவிட்டால் அது அரைகுறை.

பிறகு படம் எடுக்காத ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கோ?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "படம் சரிஞ்சு போச்சு" என்று முதலில் வந்தால் விடுங்கள். "சரியான காற்றுப் போல" என்று வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியவுடன் அந்த ஆளின் தீர்ப்புப் பயன்படாது, வேறு ஒருவரைத் தேட வேண்டும்.

மூன்றாம் படியில் எழுதிய வரியை அதன் பிறகு எடுத்துப் பாருங்கள். அவர் சொன்னதும் நீங்கள் எழுதியதும் ஒத்துவர வேண்டும் என்றில்லை, ஆனால் ஒரே திசையில் இருக்க வேண்டும். தேர்ந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு விதிப்படி எடுத்ததை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒரே போல்டரில், அந்த வரியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். அடுத்த முறை அதே விதியை மீறப் போகும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் போல்டரைத்தான்.